25 லீற்றர் பம்ப் எண்டு தந்தவங்கள், பெட்டி எழும்ப ரெண்டு நிமிசம் போகுது. கணக்கு எங்க பிழைச்சது?

#1 முத்தையன்கட்டுக்காரன்
எல்லாருக்கும் வணக்கம். என்னட்டை 45 குதிரைவலு உழவு மிசின் ஒண்டு நிக்குது. கிரவல், மணல் ஏத்திறதுதான் வேலை. சவளால தள்ளித் தள்ளி நாரி விட்டுப்போச்சு எண்டு போன மாசம் பெட்டியைத் தூக்கிச் சரிச்சுக் கொட்ட ஹைட்ரோலிக் ரிப்பிங் அடிச்சனான். றாம் (ஒயில் தள்ள நீண்டு பெட்டியைத் தூக்கிற உருளை) ஒண்டுதான், உள்விட்டம் 100 மில்லிமீற்றர், நீட்டம் 120 சென்ரிமீற்றர். ஒரு பக்கம்தான் ஒயில் தள்ளும், இறங்கிறது பெட்டியின்ர பாரத்தில. பம்ப் பழைய சாமான் கடையில எடுத்தது. கியர் பம்ப். தகட்டில ஒண்டும் வாசிக்கேலாது, அழிஞ்சு போச்சு. கடைக்காரர் சொன்னது, "நிமிசத்துக்கு 25 லீற்றர் அடிக்கும்" எண்டு. அதை நேரா பிரிஓ சாவ்ற்றில, மிசினின்ர பின்பக்கம் எஞ்சினால சுத்துற தண்டில, கொழுவியிருக்கிறன்.

நான் கணக்குப் பார்த்தன். றாம் முழுக்க நீள 9.4 லீற்றர் ஒயில் வேணும். 25 லீற்றர் பம்ப் எண்டால் 23 செக்கனில பெட்டி மேல நிக்க வேணும். ஆனா வெறும் பெட்டிக்கே 70 செக்கன் போகுது. ஒரு கியூப் (நூறு கன அடி) மணலோட ரெண்டு நிமிசம், ஒரு ரெண்டு செக்கன் குறைவு. மத்தியானம் அஞ்சாறு லோட் அடிச்ச பிறகு, எஞ்சின் மெல்லமா ஓடேக்க முனகிக்கொண்டு நிக்குதே தவிர எழும்புதில்லை. இஞ்ச கராஜ்காரர் பம்ப் முடிஞ்சுது எண்டுறார். கடைக்காரர் பம்ப் நல்லம் எண்டு சத்தியம் பண்ணுறார். நான் ஆரை நம்ப?

#2 பரந்தன் கராஜ்
தம்பி, அந்த 25 லீற்றர் எத்தினை சுத்துக்கு? அதைச் சொல்லாமல் லீற்றர் மட்டும் சொல்லுறது, எத்தினை நாளுக்கு எண்டு சொல்லாமல் சம்பளம் பத்தாயிரம் எண்டுற மாதிரி. உங்கட பிரிஓ என்ன சுத்தில ஓடுது?

#3 முத்தையன்கட்டுக்காரன்
அண்ணை, மீற்றரில பிரிஓ குறி இருக்கிற இடத்துக்கு எஞ்சினை ஏத்தினால் 540. நான் 70 செக்கன் எண்டு சொன்னது அப்பிடி ஏத்தி வச்சுப் பார்த்தது. ஆனா எங்கட டிரைவர் டீசல் போயிடும் எண்டு அரைவாசிக்குத்தான் வைப்பார்.

#4 பரந்தன் கராஜ்
அப்ப முதல் பிழை அங்கதான். கியர் பம்ப் தனக்கெண்டு லீற்றர் வச்சிருக்கிறதில்லை. அது வச்சிருக்கிறது ஒரு சுத்துக்கு எத்தினை சீசீ (கன சென்ரிமீற்றர்) எண்டதுதான். லீற்றர் வேணுமெண்டால் சீசீயைச் சுத்தால பெருக்கி ஆயிரத்தால பிரிக்க வேணும். கடைக்காரர் பொய் சொல்லேல்லை. 1500 சுத்துக்கு லீற்றர் சொல்லுறது அந்தத் தொழில்ல வழக்கம், ஏனெண்டால் கரண்ட் மோட்டர் கிட்டத்தட்ட அந்தச் சுத்து. 25 லீற்றரை 1500ஆல பிரிச்சால் 16, 17 சீசீ வரும்.

இப்ப உங்கட 540ஐப் போடுங்கோ. 16 × 540 = 8640 சீசீ. நிமிசத்துக்கு 8.6 லீற்றர். 9.4 லீற்றர் றாமுக்கு 65 செக்கன் வருது. உங்களுக்கு 70. வெறும் பெட்டிக்கு உங்கட பம்ப் சொன்ன வேலையைச் செய்யுது தம்பி.

பாரத்தோட ரெண்டு நிமிசம் எண்டது வேற கதை. அதுக்குப் பிறகு வாறன், வாசலில ஒரு மிசின் வந்து நிக்குது.

#5 நெடுங்கேணி ரிப்பர்
உதுக்கு ஏன் இவ்வளவு கணக்கு? 32 சீசீ பம்ப் ஒண்டு வாங்கிக் கொழுவு. ரெண்டு மடங்கு பம்ப், ரெண்டு மடங்கு வேகம். நான் அப்பிடித்தான் ஓடுறன்.

#6 கடைசல்காரன்
வவுனியாவில லேத் வச்சிருக்கிறன். 16 சீசீ எண்டது கடைக்காரரின்ர வாயில இருந்து வந்த கணக்கு. தகடு இல்லாத பம்ப் எண்டால் நான் ஒருநாளும் வாயை நம்பிறதில்லை, கழட்டி அளக்கிறனான். முறை சுகம்.

மூடியைக் கழட்டினால் உள்ளுக்க எட்டு இலக்கத்தைப் படுக்கப் போட்ட மாதிரி ஒரு குழி இருக்கும். மூண்டு அளவு எடுக்க வேணும். எட்டின்ர முழு நீளம். ஒரு வட்டத்தின்ர விட்டம். கியர் பல்லின்ர அகலம். எல்லாம் சென்ரிமீற்றரில. நீளத்தில விட்டத்தைக் கழிச்சால் ரெண்டு கியர் நடுவுக்கும் இடைத்தூரம் வரும். விட்டத்தை ரெண்டால பெருக்கி நீளத்தைக் கழிச்சால் பல்லு ஒண்டோட ஒண்டு கொழுவுற ஆழம் வரும். இந்த ரெண்டையும் அகலத்தையும் பெருக்கி, பிறகு 3ஆல பெருக்குங்கோ. சுத்துக்கு எத்தினை சீசீ எண்டு கையில வந்திடும். கணக்குப்படி 3.14 வர வேணும். பல்லு இடுக்கில பிடிபட்டுத் திரும்பிற ஒயிலுக்காக நாங்கள் 3 எண்டு போடுறம்.

ஒரு கவனம். அடி மட்டம் வச்சு அளக்காதேங்கோ, வேர்ணியர் வேணும். ஏனெண்டு அளவைப் போட்ட பிறகு காட்டுறன்.

#7 முத்தையன்கட்டுக்காரன்
இண்டைக்கு லேத்துக்குக் கொண்டுபோய் அளந்தாச்சு. நீளம் 7.8, விட்டம் 4.2, பல்லகலம் 2.45.
7.8 − 4.2 = 3.6
8.4 − 7.8 = 0.6
3 × 2.45 × 0.6 × 3.6 = 15.9
பரந்தன் அண்ணை சொன்ன 16 சீசீதான்!

திருப்பிப் பூட்டி வாளியும் வச்சுப் பார்த்தனான். பம்பின்ர வாய் ஓசை றாமில இருந்து கழட்டி வாளிக்குள்ள விட்டு, 540இல சரியா ஒரு நிமிசம். 8.2 லீற்றர் வந்தது. அப்ப பம்ப் புதுசு மாதிரித்தானே? கராஜ்காரரோட சண்டைக்குப் போகலாமோ?

#8 கடைசல்காரன்
இப்ப வேர்ணியர் ஏன் எண்டு பாருங்கோ. விட்டத்தை அரை மில்லிமீற்றர் கூட அளந்திருந்தால், 4.25 எண்டு போட்டிருந்தால், 0.6 எண்டது 0.7 ஆயிடும், 3.6 எண்டது 3.55 ஆகும். விடை 18.3 சீசீ. அரை மில்லிமீற்றர் பிழை, விடையில நூற்றுக்கு 15 பிழை. சின்ன இலக்கத்தைக் கழிச்சு எடுக்கிற கணக்கெல்லாம் இப்பிடித்தான் கழுத்தறுக்கும்.

இன்னொண்டு கேக்க மறந்திட்டன். கழட்டேக்க ஒயில் உறிஞ்சுற பக்கத்துச் சுவரில கியர் கொத்தின தடம் இருந்ததோ? அழுத்தம் கியரை எப்பவும் உறிஞ்சுற பக்கத்துக்குத்தான் தள்ளும். அங்க நகத்தை வச்சு இழுத்தால் தட்டுதோ எண்டு பார்த்திருக்க வேணும். விட்டத்தையும் அந்தத் தேய்ஞ்ச பக்கத்தில எடுக்கக்கூடாது.

#9 முத்தையன்கட்டுக்காரன்
தட்டுது அண்ணை. பெரிசா இல்லை, ஆனா நகம் தட்டுது. விட்டம் மற்றப் பக்கமாத்தான் உங்கட லேத் மாதிரி ஒரு கடையில பெடியன் எடுத்துத் தந்தவன், அவனுக்கு விசயம் தெரியும் போல.

#10 பரந்தன் கராஜ்
வாளியை நம்பி ஆரோடையும் சண்டைக்குப் போகாதேங்கோ. வாளிக்குள்ள விடேக்க பம்புக்கு எதிர்ப்பே இல்லை. எதிர்ப்பு இல்லாட்டித் தேய்ஞ்ச பம்பும் வடிவா அடிக்கும். ஒயில் ஏன் பின்னுக்கு ஓட வேணும்? முன்னுக்கு வழி சும்மா திறந்து கிடக்குது. பாரம் ஏறினாத்தான் அழுத்தம் வரும். அழுத்தம் வந்தாத்தான் பல்லு நுனியாலையும் பக்கத் தகட்டாலையும் ஒயில் திரும்பி உறிஞ்சுற பக்கத்துக்கே ஒழுகும்.

உங்கட பெட்டியும் றாமும்தான் உங்களுக்கு உண்மையான அளவுச் சாடி. உள்ளுக்க 9.4 லீற்றர் கொள்ளுது எண்டு தெரியும். வெறும் பெட்டி 70 செக்கன் எண்டால் நிமிசத்துக்கு 8 லீற்றர், வாளிக் கணக்கோட சரி. மணலோட 118 செக்கன் எண்டால் 4.8 லீற்றர்தான் றாமுக்குப் போயிருக்குது. பம்ப் எடுக்கிற 8.6இல மிச்சம் 3.8 எங்க? அதுதான் ஒழுக்கு.

இப்ப மத்தியானக் கதைக்கு வாங்கோ. டிரைவர் அரைவாசிக்கு வைக்கிறார், பிரிஓ 270. 16 × 270 எண்டால் 4.3 லீற்றர்தான் பம்ப் எடுக்குது. ஒயில் கொதிச்சுத் தண்ணியாய் நிக்கிற நேரம் 4 லீற்றருக்கு மேல ஒழுகும். எடுக்கிறது 4.3, ஒழுகிறது 4 சொச்சம். பெட்டி எழும்ப என்ன மிச்சம்? முனகத்தான் செய்யும்.

#11 தொழில்நுட்ப ஆசிரியன்
பரந்தன் அண்ணர் சொன்னதற்குப் பாடப் பெயர் கனவளவு வினைத்திறன். உண்மையில் வெளிவரும் பாய்ச்சலை, கணக்கில் வரவேண்டிய பாய்ச்சலால் பிரித்தால் கிடைப்பது. இங்கே 4.8 ÷ 8.64, அதாவது நூற்றுக்கு 56. மாணவர்கள் வழமையாக விடும் தவறு, வினைத்திறனைப் பம்பிக்கு உரிய மாறாத இலக்கம் என்று எடுத்துக்கொள்வது. புத்தகத்தில் 0.9 என்று இருக்கும், எல்லா இடத்திலும் 0.9 போடுவார்கள்.

அப்படியல்ல. கசிவு பெரும்பாலும் அமுக்கத்தையும் எண்ணெயின் பிசுக்குமையையும் (தடிப்பையும்) பொறுத்தது, சுழற்சி வேகத்தை அவ்வளவாகப் பொறுத்ததல்ல. எனவே இதே பம்பியை, இதே தேய்வுடன், 1620 சுற்றில் ஓட்டினால் கணக்குப் பாய்ச்சல் 25.9 லீற்றர். கசிவு அதே 3.8 என்று வைத்தால் 22 லீற்றருக்கு மேல் மிஞ்சும். வினைத்திறன் நூற்றுக்கு 85. பம்பி மாறவில்லை, வேகம் மட்டுமே மாறியது. பொதுவாகக் கியர்ப் பம்பிகளுக்கு ஆகக்குறைந்த வேகம் என்று ஒன்று குறிப்பிடுவார்கள், பலவற்றுக்கு அது 500, 600 சுற்றளவில். உங்கள் பம்பி அந்த எல்லையிலேயே தொங்கிக்கொண்டிருக்கிறது.

வெப்பத்தையும் பாருங்கள். மணலுடன் தூக்கும்போது அமுக்கமானி எவ்வளவு காட்டுகிறது? 130 பார் என்று வைத்தால், 130 × 3.8 ÷ 600 = 0.8 கிலோவாற்று. அது அத்தனையும் எண்ணெயைச் சூடாக்குவதற்கே போகிறது. ஏறத்தாழ ஓர் அயன் பெட்டியை எண்ணெய்த் தாங்கிக்குள் போட்டுவைத்தது போல. சூடானால் பிசுக்குமை குறையும், குறைந்தால் கசிவு கூடும், கூடினால் இன்னும் சூடாகும்.

#12 முத்தையன்கட்டுக்காரன்
சேர், கேஜ் பூட்டிப் பார்த்தனான். பெட்டி அசையிற நேரம் 130க்குக் கிட்ட. கொஞ்சம் எழும்பின பிறகு குறைஞ்சு குறைஞ்சு 60 மட்டும் வரும். முதல் ஒரு அடி எழும்பத்தான் உயிர் போகுது, பிறகு கெதியா ஏறுது. இதுவும் அந்த ஒழுக்காலதானோ?

#13 தொழில்நுட்ப ஆசிரியன்
ஆம். பெட்டி படுத்திருக்கும்போது தூக்குவதற்கு அதிக விசை வேண்டும், அமுக்கம் உச்சத்தில் இருக்கும், கசிவும் உச்சத்தில். நிமிர நிமிர மணலும் சரியும், அமுக்கம் இறங்கும், கசிவும் இறங்கும். ஆகவே நீங்கள் கண்ட 3.8 ஒரு சராசரி. தொடக்கத்தில் அதைவிடக் கூட, முடிவில் குறைவு.

#14 நெடுங்கேணி ரிப்பர்
இல்லை, முதல்ல மெல்ல, பிறகு கெதி எண்டால் அது அடுக்கு றாம். பெரிய குழாய் முதல்ல நீளும், பரப்புக் கூட, அதால மெல்ல. மெல்லிய குழாய்க்கு வரேக்க வேகம் கூடும். என்ர ரிப்பரில அப்பிடித்தான்.

#15 முத்தையன்கட்டுக்காரன்
என்ர ஒற்றை றாம் அண்ணை. அடுக்கு இல்லை.

#16 பரந்தன் கராஜ்
நெடுங்கேணியார் சொன்னது அவற்ற ரிப்பருக்குச் சரி. அடுக்கு றாமுக்கு நேரக் கணக்குப் பார்க்கிறவை ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனியாப் பரப்பு எடுக்க வேணும், ஒரே விட்டத்தைப் போட்டுப் பெருக்கக்கூடாது.

#17 மல்லாவி வயற்காரன்
குறுக்க வாறதுக்கு மன்னிக்க வேணும். என்ர ரெண்டு இஞ்சி வோட்டர் பம்புக்கும் உந்தக் கணக்குப் பொருந்துமோ? வவுனிக்குளத்து வாய்க்காலில தண்ணி வராத நேரம் கிணத்தில போட்டு இறைக்கிறன். கிணத்துத் தண்ணி இறங்க இறங்க வாயில வாறது மெலியுது. சுத்து அதே சுத்துத்தான்.

#18 பரந்தன் கராஜ்
பொருந்தாது. உங்கட பம்ப் உள்ளுக்க விசிறி சுத்தி எறியிற சாதி. உயரம் கூடக் கூடத் தண்ணி குறையும். ஓசின்ர வாயை உள்ளங்கையால பொத்தினால் என்ன நடக்கும்? எஞ்சின் சும்மா சுத்திக்கொண்டு நிக்கும், தண்ணி உள்ளுக்கயே கலங்கும். சின்னனில எல்லாரும் செய்து பார்த்த விளையாட்டுத்தானே.

கியர் பம்பின்ர வாயைப் பொத்த நினைக்கவும் கூடாது. ஒவ்வொரு சுத்துக்கும் 16 சீசீ வெளிய வந்தே தீரும். வழி இல்லாட்டி ஓஸ் வெடிக்கும், இல்லாட்டி பம்ப் பிளக்கும். அதுக்குத்தான் றிலீஃப் வால்வ் வைக்கிறது, அழுத்தம் மிஞ்சினால் அது திறந்து ஒயிலைத் தாங்கிக்கே திருப்பி விடும். ஓசில ஊசித் துவாரம் மாதிரி ஒழுக்கு இருந்தால் விரல் வச்சுத் தேடாதேங்கோ. தோலுக்குள்ளால ஒயில் ஏறிடும். வெளியில கடிச்ச காயம் மாதிரித்தான் தெரியும், உள்ளுக்க கை அழுகும். அட்டைத் துண்டு ஒண்டைப் பிடிச்சுப் பாருங்கோ. ஆருக்கும் அப்பிடி ஏறினால் நோ இல்லை எண்டு இருக்காமல் உடன ஆசுப்பத்திரி.

#19 மல்லாவி வயற்காரன்
விளங்குது. நன்றி அண்ணை. குளத்துத் தண்ணிக்கு செக்கனுக்கு இத்தினை கன அடி எண்டு சொல்லுவாங்கள், நான் லீற்றருக்கு மாத்திறதுக்குத் திணறுறனான்.

#20 தொழில்நுட்ப ஆசிரியன்
செக்கனுக்கு ஒரு கன அடி என்றால் 28.3 லீற்றர். நிமிடத்துக்கு 1700 லீற்றர் அளவில். முத்தையன்கட்டுக்காரரின் பம்பியைப் போல் ஏறத்தாழ இருநூறு பம்பி சேர்ந்து அடிக்க வேண்டும்.

#21 ஸ்காபறோ டீசல்
நான் இஞ்ச கனடாவில பார வாகனங்களின்ர ஹைட்ரோலிக் வேலை செய்யிறனான். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். ஊரில பழைய பம்ப் வாங்கிறவைக்கு ஒரு எச்சரிக்கை. தகட்டில கலன் கணக்கு இருந்தால் எந்தக் கலன் எண்டு பாருங்கோ. இங்கிலாந்துச் சாமானில இருக்கிறது 4.546 லீற்றர் கலன், அமெரிக்கச் சாமானில இருக்கிறது 3.785. ரெண்டுக்கும் நூற்றுக்கு 20 வித்தியாசம். பம்ப் மெல்லமா அடிக்குது எண்டு என்னோட வாட்சப்பில அழுத ஒராள், கடைசியில பார்த்தால் கலன் மாறிப்போட்டார். அழுத்தம் பிஎஸ்ஐயில இருந்தால் 14.5ஆல பிரிச்சால் பார் வரும்.

மற்றது, என்ன ஒயில் விட்டிருக்கிறீங்கள்?

#22 முத்தையன்கட்டுக்காரன்
46 எண்டு போட்ட ஹைட்ரோலிக் ஒயில். தாங்கி 15 லீற்றர் கொள்ளும், ஒரு பழைய பரலை வெட்டி அடிச்சது.

#23 ஸ்காபறோ டீசல்
46 எண்டது 40 பாகை வெப்பத்தில அதின்ர தடிப்பு. வன்னி வெயிலில, சித்திரை மாசத்தில, தாங்கிக்குள்ள 65, 70 பாகை நிக்கும். அந்தச் சூட்டில அது 46 இல்லை, அதின்ர பாதிக்கும் கீழ. 68க்கு மாறினால் ஒழுக்கு கொஞ்சம் அடங்கும். அது மருந்தில்லை, பனடோல் மாதிரி.

தாங்கியும் காணாது. 15இல 9.4 றாமுக்குள்ள போனால் அடியில 5.6 தான் மிச்சம். பெட்டி உச்சத்தில நிக்கேக்க, அதுவும் ரோட்டு சரிவெண்டால், பம்ப் காத்தை இழுக்கும். ஒயில் பால் மாதிரி வெளுத்து நிண்டால் தண்ணி, நுரைச்சு நிண்டால் காத்து. நீங்கள் எதைக் கண்டனீங்கள்?

#24 முத்தையன்கட்டுக்காரன்
நுரை. கொஞ்சம் இருக்கு.

#25 பரந்தன் கராஜ்
பம்பை மாத்த முந்தி ஒண்டு செய்ய வேணும். 3.8 லீற்றரும் பம்பாலதான் ஒழுகுது எண்டு இன்னும் நிரூபிக்கேல்லை. றாம் சீலாலையும் போகலாம், வால்வாலையும் போகலாம்.

மணலோட பெட்டியைப் பாதிக்குத் தூக்கி, வால்வை நடுவில வச்சு, எஞ்சினை நிப்பாட்டுங்கோ. றாம் தண்டில சோக்கால கோடு போட்டுப் பத்து நிமிசம் விட்டு அளவுங்கோ. கோட்டைப் போடேக்கையும் அளக்கேக்கையும் பக்கத்தில நிண்டு கை நீட்டுங்கோ, பெட்டிக்குக் கீழ தலை போகக்கூடாது. முட்டுக் கொடுக்காத பெட்டிக்குக் கீழ போன ஆக்களின்ர கதை எனக்குத் தெரிஞ்சதே போதும், இஞ்ச எழுத மனமில்லை.

#26 முத்தையன்கட்டுக்காரன்
செய்தாச்சு. பத்து நிமிசத்தில 4 மில்லிமீற்றர் இறங்கியிருக்கு. றாமின்ர காத்துத் துவாரத்தால ஒயில் வரேல்லை.

#27 பரந்தன் கராஜ்
றாம் பரப்பு 78.5 சதுர சென்ரிமீற்றர். 0.4 சென்ரிமீற்றரால பெருக்கினால் 31 சீசீ. அது பத்து நிமிசத்துக்கு. நிமிசத்துக்கு 3 சீசீ. நாங்கள் தேடுறது 3800 சீசீ. ஆக றாமும் பிடிச்சு நிக்கிற வால்வும் குற்றவாளி இல்லை. இனி றிலீஃப் வால்வ். தூக்கேக்க திரும்பிற குழாயில கை வச்சுப் பாருங்கோ, சூடும் இரைச்சலும் இருந்தால் அது முந்தியே திறக்குது.

#28 முத்தையன்கட்டுக்காரன்
குளிராத்தான் கிடக்குது. றிலீஃப் 170இல திறக்குது எண்டு கேஜ் காட்டுது. அப்ப பம்புதான். கராஜ்காரர் சொன்னதும் அரைவாசி உண்மை, கடைக்காரர் சொன்னதும் அரைவாசி உண்மை!

#29 நெடுங்கேணி ரிப்பர்
நான் முதலே சொன்னன், 32 சீசீ.

#30 கடைசல்காரன்
32ஐ நேரா பிரிஓவில கொழுவினால் 17 லீற்றர். ஆனா அதுவும் 540இலதான் சுத்தும், அதே குறைஞ்ச வேகம். பெரிய பம்பின்ர பல்லும் அகலம், ஒழுகிற வாயும் நீளம். புதுசு எண்டால் ஒரு வருசம் ஓடும். என்னைக் கேட்டால் இதே 16ஐப் பக்கத் தகடு புதுசு போட்டு, 1க்கு 3 வேகம் கூட்டுற கியர் பெட்டியில வைக்கலாம். பிரிஓவுக்கெண்டே செய்து விக்கிறாங்கள்.

#31 நெடுங்கேணி ரிப்பர்
கியர் பெட்டி எண்டால் இன்னொரு சாமான், இன்னொரு சீல், இன்னொரு ஒயில். கிரவல் பாதையில ஓடுற மிசினுக்கு எவ்வளவுக்கு எவ்வளவு சாமான் குறைவோ அவ்வளவுக்கு நல்லம். நான் 32ஐ மூண்டு வருசமா ஓடுறன், கை வைக்கேல்லை.

#32 பரந்தன் கராஜ்
நெடுங்கேணியார் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு, மறுக்கேல்லை. தடைக்காலத்தில நாங்கள் பழுதுபார்த்த மிசினெல்லாம் தப்பினது சாமான் குறைவாய் இருந்தபடியாத்தான். ஆனா அவர் மிசினை முழுச் சுத்தில ஓடுறவர். இந்தத் தம்பியின்ர டிரைவர் அரைவாசிக்குத்தான் வைப்பார், அவரை மாத்தேலாது. 270இல 32 சீசீ எண்டால் 8.6 லீற்றர், அதில ஒழுக்கைக் கழியுங்கோ. 16ஐ மூண்டு மடங்கு சுத்தினால் அதே 270இலயும் 13 லீற்றர். டிரைவரைப் பார்த்துத்தான் பம்ப் வாங்க வேணும்.

வலு காணும். 150 பாரில 26 லீற்றர் எண்டால் 150 × 26 ÷ 600 = 6.5 கிலோவாற்று, உரசலுக்கும் சேர்த்து 10 குதிரைவலு எண்டு வையுங்கோ. 45 குதிரை மிசினுக்கு அது தும்மல்.

#33 கடைசல்காரன்
வாங்க முந்தி ரெண்டு பொறி இருக்கு, கவனம்.

முதலாவது, சுத்துற திசை. பிரிஓ பின்னுக்கு நிண்டு பார்த்தால் மணிக்கூட்டுக் கம்பி சுத்துற பக்கம். கியர் பெட்டிக்குள்ள ஒரு சோடிக் கியர் எண்டால் திசை மறுபக்கம் திரும்பிடும். இண்டைக்குச் சரியா ஓடுற பம்ப் நாளைக்குப் பிழையாச் சுத்தும். வாய்ப்பக்க அழுத்தம் சாவ்ற்று சீலுக்கு வந்து, பூட்டின அண்டைக்கே சீல் பறக்கும். சில பம்பைக் கழட்டி மறுபக்கமாப் பூட்டலாம், எல்லாத்தையும் ஏலாது. கொண்டுவாங்கோ, பார்த்துச் சொல்லுறன்.

ரெண்டாவது, உறிஞ்சுற ஓஸ். இப்ப என்ன இஞ்சி?

#34 முத்தையன்கட்டுக்காரன்
முக்கால்.

#35 கடைசல்காரன்
நினைச்சன். முக்கால் இஞ்சிக் குழாயின்ர வாய் 2.8 சதுர சென்ரிமீற்றர். 26 லீற்றர் எண்டால் செக்கனுக்கு 433 சீசீ. பிரிச்சால் ஒயில் செக்கனுக்கு ஒண்டரை மீற்றர் ஓட வேணும். உறிஞ்சுற பக்கத்தில ஒரு மீற்றருக்கு மேல போகக்கூடாது, போனால் உள்ளுக்க வெற்றிடக் குமிழி வெடிச்சுக் கல்லு அரைக்கிற சத்தம் கேக்கும், பக்கத் தகடு அரிச்சுப்போகும். ஒரு இஞ்சி போட்டால் செக்கனுக்கு 85 சென்ரிமீற்றர், காணும். தள்ளுற பக்கத்துக்கு இப்ப இருக்கிறது அரை இஞ்சியெண்டால் விடுங்கோ, அங்க நாலு, அஞ்சு மீற்றர் மட்டும் தாங்கும். தாங்கியையும் 25 லீற்றருக்குக் குறையாமல் அடியுங்கோ.

#36 முத்தையன்கட்டுக்காரன்
மூண்டு கிழமைக்குப் பிறகு வாறன், காலபோக அறுவடை முடியுமட்டும் மிசின் வயலில நிண்டது.

வேலை முடிஞ்சுது. கியர் பெட்டி 1க்கு 3. பம்பைத் திருப்பிப் பூட்டி, பக்கத் தகடும் சீலும் புதுசு. உறிஞ்சுறதுக்கு ஒரு இஞ்சி, தாங்கி 28 லீற்றர், ஒயில் 68.
வெறும் பெட்டி, பிரிஓ 540: 23 செக்கன்.
ஒரு கியூப் ஈர மணல்: 27 செக்கன்.
மத்தியானம், ஏழாவது லோட், டிரைவரின்ர அரைவாசிச் சுத்தில: ஒரு நிமிசம் 5 செக்கன்.
எங்கட ஊர்க் கராஜ்காரருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனான். கடைக்காரருக்கு இன்னும் இல்லை.

#37 பரந்தன் கராஜ்
மணலோட 27 செக்கன் எண்டால் நிமிசத்துக்கு 21 லீற்றர். சேர் சொன்ன 22க்குக் கிட்ட. இப்ப கெதியா எழும்புது எண்டதால பெட்டி உச்சத்தில போய் முட்டுற நேரம் டிரைவர் லீவரை விடாமல் பிடிச்சுக்கொண்டு நிப்பார், றிலீஃப் கத்தும். தண்டில ஒரு நிறக் கோடு போட்டுக் குடுங்கோ, அந்தக் கோடு தெரிஞ்சால் விடச் சொல்லி.

#38 நெடுங்கேணி ரிப்பர்
அந்தக் கியர் பெட்டி என்ன விலை வந்தது தம்பி? சும்மா அறியத்தான்.